வால்பேப்பரும் பிரம்பு நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

நவீன ஓவியம் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் இம்ப்ரஷனிசம், ஃபாவிசம், க்யூபிசம் என்று பெயர்களிலேயே தலை சுற்றுகிறது. அப்புறம் இந்தக் கொலாஜ். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளும் பழைய பத்திரிகையை வெட்டி ஒட்டிக் கொண்டுபோகிறாள். பிக்காசோ செய்ததும் அதுதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர்களுக்குப் பயப்படாதீர்கள். மூன்றுமே கிண்டலில் பிறந்தவை. 1874-ல் பாரிஸில் ஓவியர் மோனேயின் துறைமுகக் காட்சியைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, அரைகுறை வால்பேப்பர்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று எழுதினார். தலைப்பிலிருந்த 'இம்ப்ரஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் நையாண்டி செய்தார். 1905-ல் ஓவியர் மத்தீஸின் குழுவைக் காட்டு விலங்குகள் (பிரெஞ்சில் 'ஃபாவ்') என்றும், 1908-ல் பிக்காசோவின் சக ஓவியர் பிராக் வரைந்த வீடுகளைக் கனசதுரங்கள் ('க்யூப்') என்றும் சொன்னவர் வோசெல் என்ற இன்னொரு விமர்சகர். ஊரில் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்வதில்லையா, அப்படித்தான்.

சரி, கொலாஜ். ஒட்டுகிற வேலை என்று பார்த்தால் உங்கள் மகள் செய்வதும் அவர் செய்ததும் ஒன்றே. எதை ஒட்டினார் என்பதில்தான் விஷயம். 1912-ல் பிக்காசோ செய்த பிரம்பு நாற்காலிப் படம் நீள்வட்டமானது, விரித்த நோட்டுப்புத்தக அளவுதான். மேலே புகைக்கும் பைப், கண்ணாடித் தம்ளர், எலுமிச்சைத் துண்டு எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே பிரம்புப் பின்னல் மட்டும் ஓட்டை ஓட்டையாக அத்தனை தத்ரூபம். ஆனால் அது பிரம்பும் இல்லை, வரைந்ததும் இல்லை. பின்னல் டிசைன் அச்சடித்த ஆயில் கிளாத்! நிஜம் மாதிரி இருப்பது மெஷின் அடித்த பொய். சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாக அசல் கயிறு. 'அப்படியே தத்ரூபம்' என்று நாம் ஓவியர்களுக்குக் கொடுக்கும் பாராட்டை மனிதர் கடைச்சரக்குக்குத் தள்ளிவிட்டார். சுத்தக் குசும்பு.

எனக்குப் பிராக்தான் இன்னும் பிடிக்கும். அவர் அப்பாவைப் போல வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் கற்றவர். ஈரப் பெயின்ட்டில் சீப்பை இழுத்து மர ரேகை வரவழைப்பது அவருக்குக் கைவந்த வேலை. க்யூபிசப் படங்களிலும் அதைச் செய்தார், பிக்காசோவுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1912 செப்டம்பரில் அவிஞோன் நகரக் கடையொன்றில் மர ரேகை அச்சடித்த வால்பேப்பர் கிடைத்தது. பிக்காசோ பாரிஸ் கிளம்பும்வரை காத்திருந்து வாங்கினார் என்பார்கள். தொழில் ரகசியம்! அதை வெட்டி ஒட்டி, மேலே கரித்துண்டால் பழத்தட்டும் தம்ளரும் வரைந்தார். லெருவா வாயில் வசவாக வந்த வால்பேப்பர் 38 வருஷத்தில் படத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்தப் படத்தை மகளிடம் காட்டி, எது ஒட்டியது, எது வரைந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதில் 'பார்', 'ஏல்' என்று எழுதியிருக்கும். ஏல் ஒரு வகை பீர். அதை அவளுக்கு விளக்குவது உங்கள் பாடு.