காலமை நடக்கத் தொடங்கி ரெண்டு கிழமையில விட்டுடுறன், மோட்டிவேஷன் எப்படி வரும்?

திருகோணமலையில இது கனபேருக்கு இருக்கிற பிரச்சினைதான். மோட்டிவேஷன் வரட்டும் பிறகு தொடங்குவம் எண்டு இருந்தா அது வராது, முதல்ல உங்கட சொந்தக் காரணம் ஒண்டு வேணும், டொக்டர் சொன்னார் எண்டது காணாது, பேரப்பிள்ளையோட கோணேசர் கோயிலுக்கு மூச்சு வாங்காம ஏறணும் எண்டது மாதிரி ஏதாவது. பிறகு அதை ஏற்கனவே செய்யிற வேலை ஒண்டோட கொழுவி விடுங்க. விடிய தேத்தண்ணி குடிச்சு கோப்பையைக் கழுவி வச்ச கையோட சப்பாத்தைப் போடுங்க, சப்பாத்து வாசல்லயே இருக்கட்டும், பிரெட்ரிக் கோட்டைக்குள்ள போய் மான்களைப் பாத்திட்டு வந்தாலே முதல் மாசத்துக்குக் காணும்.

லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ்ல செய்து 2009இல வெளிவந்த ஆய்வில, ஒரு பழக்கம் தன்பாட்டுல வர சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 இல இருந்து 254 நாள் வரை எண்டு கணிச்சிருக்காங்க, அப்ப ரெண்டு கிழமையில பிடிபடேல்ல எண்டா உங்களில பிழை இல்ல. இடையில ஒரு நாள் விட்டாலும் பெருசா பாதிக்கேல்ல எண்டும் அதிலயே இருக்கு, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது.

நவம்பர் டிசம்பர் மாரி மழைக்கு வெளிய போக ஏலாது, அப்ப விறாந்தையிலயாவது 10 நிமிசம் நடங்க, நேரத்தை மட்டும் மாத்தாதீங்க.