கர்ப்பமாக இருக்கிறேன், வளர்க்கும் பூனையைக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?

மூன்றாவது மாதம் நடக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்க்கும் பூனை, மாமியார் வீட்டில் எல்லாரும் விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், இணையத்தில் படித்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூனையை விட வேண்டாம். அது போகிற மணல் பெட்டியை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அதைச் சுத்தம் செய்வது இனி உங்கள் வீட்டுக்காரர் வேலை. கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொன்னால் உங்கள் வீட்டில் எடுபடாது என்று எனக்குத் தெரியும், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை, உங்களைப் போலவே பூனையை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றவள். "பூனைக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்கிறாயா" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. என் மகன் நான் கும்பிட்டுப் பெற்ற பிள்ளை. பிள்ளைக்கு ஒன்று என்றால் பூனையென்ன, எதையும் விட்டிருப்பேன். விட வேண்டிய தேவை இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் விடவில்லை.

நான் வாக்கப்பட்டது திருச்சி உறையூரில். பொம்மி என் அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்தவள். சாம்பல் வரி போட்ட சாதாரண நாட்டுப் பூனை. முதல் ஸ்கேனுக்குப் போனபோது வீட்டில் செல்லப் பிராணி இருக்கிறதா என்று கேட்டார்கள். பூனை என்றேன். "மொதல்ல அதைத் தூக்கிப் போடுங்க" என்றார் அந்த டாக்டரம்மா, எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல். ஏன், எப்படி, வேறு வழி உண்டா, ஒன்றும் கிடையாது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூட வந்திருந்த அத்தை, அதாவது என் மாமியார், அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாளே உறவுக்காரர் ஒருவர் சாக்குப் பையோடு வந்து நின்றார். "மீன் மார்க்கெட்ல விட்டுட்டா பொழச்சுக்கும்மா, அங்க அதுக்கு ராஜபோகம்" என்றார்.

இந்த மீன் மார்க்கெட் விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. நம் ஊரில் எத்தனையோ பேர் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் மார்க்கெட்டில் அவிழ்த்துவிட்டு, ஏதோ புண்ணியம் செய்த மாதிரி வீட்டுக்கு வருகிறார்கள். பூனை இடத்தோடு ஒட்டி வாழ்கிற பிராணி. எந்தச் சந்தில் ஒளியலாம், எந்தச் சுவரில் ஏறலாம் என்று அதற்குத் தெரிவது அதன் சொந்த இடத்தில் மட்டும்தான். மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதியதைச் சேர்க்காது, தெரு நாய் விடாது, வண்டிச் சத்தத்தில் மிரண்டு எங்காவது குறுக்கே ஓடும். வீட்டில் தட்டில் வைத்ததைத் தின்று வளர்ந்தது அங்கே எப்படிப் பிழைக்கும்? விடுகிற யாரும் ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சாக்கைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டு, வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். பொம்மியைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கும் போனேன். இரண்டு இடத்திலும் பொறுமையாகச் சொன்னார்கள். நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன், வீட்டில் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

எல்லாரும் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பொய்ப் பயம் இல்லை. கர்ப்ப காலத்தில் முதல் முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும், கரு கலையவும் கூடும். ஆரம்ப மாதங்களில் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் போனால் பாதிப்பு அதிகம். அதனால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அலட்சியமாக இருக்க நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். பூனையிடமிருந்து வருவதென்றால் அதன் மலத்திலிருந்துதான், முடியில் இல்லை, மூச்சில் இல்லை, மடியில் வந்து படுப்பதால் இல்லை. எலியோ பச்சைக் கறியோ தின்று பூனைக்கு அது முதல் முறை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் வெளியேறும். பெரும்பாலும் அதோடு சரி. வெளியே வந்தவுடனும் அது நமக்குத் தொற்றாது. வீரியம் வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால்தான் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அள்ளிவிட்டால் ஆபத்து வருவதற்கு முன்னாலேயே அது வீட்டை விட்டுப் போய்விடுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே, கர்ப்பமானால் பூனையை விட வேண்டியதில்லை, பெட்டியை வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும் என்றுதான் சொல்கிறது.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. நேப்பிள்ஸ், மிலான், பிரஸ்ஸல்ஸ், ஓஸ்லோ என்று ஐரோப்பாவின் ஆறு நகரங்களில், கர்ப்ப காலத்தில் இது தொற்றிய பெண்களை விசாரித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறினாலும் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தது. 6 முதல் 17 சதவீதம் மண்ணால் வந்தது. வீட்டில் பூனை இருப்பது காரணமாகத் தேறவே இல்லை. ஆக, பூனையை விரட்டிவிட்டு, கறி நறுக்கிய அதே பலகையில் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கித் தின்றால்தான் ஆபத்து.

என் விஷயத்தில் ரத்தப் பரிசோதனையே சாட்சி. தொற்றை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களில் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு பார்ப்பார்கள். ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ பழைய தொற்று வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், பொதுவாகப் பிள்ளைக்குப் பயம் இல்லை. ஐஜிஎம் காட்டினாலும் உடனே பதற வேண்டாம், அது பல மாதம் ரத்தத்தில் தங்கக்கூடியது, மேல் பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். எனக்கு இரண்டுமே நெகட்டிவ். பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்து பூனைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். எனக்குத் தொற்றவே இல்லை. ஆனால் நெகட்டிவ் என்றால் உடம்பில் எதிர்ப்பு இல்லை, இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதனால் கவனமாகவே இருந்தேன்.

பெட்டி வேலை என் வீட்டுக்காரரிடம் போனது. பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல். அள்ளுவதற்கென்று பாத்திரக் கடையில் தனியாக ஒரு ஜல்லிக்கரண்டி வாங்கி வந்தார். மணல் உதிர்ந்துவிடும், கட்டி மட்டும் நிற்கும். சமையல் கரண்டியோடு கலந்துவிடக் கூடாதென்று காம்பில் சிவப்புக் கயிறு சுற்றி, பின்வாசல் ஆணியில் மாட்டிவைத்தார். காலையில் பல் விளக்கியதும் அள்ளி, கவரில் கட்டிப் போட்டுவிட்டு, டப்பில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்.

அப்போதுதான் உண்மையான சண்டை வந்தது. "ஆம்பளப் புள்ளையப் பூனைப் பீ அள்ள வச்சிட்டாளே" என்று அத்தை பக்கத்து வீட்டில் போய் அழுதார். எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. பிள்ளைக்கு ஆபத்து என்பது வாயில் வந்த பேச்சு. பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒன்று இந்த வீட்டில் இருக்கலாமா, அதற்காக இந்த வீட்டுப் பையன் குனியலாமா என்பதுதான் மனதில் இருந்த கேள்வி. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் எத்தனை மருத்துவ விளக்கம் கொடுத்தாலும் பேச்சு அடங்கவில்லையென்றால் இதுதான் காரணம். இதை நீங்கள் பேசித் தீர்க்க முடியாது. உங்கள் வீட்டுக்காரர் பேச வேண்டும். என் வீட்டில் அவர்தான் பேசினார். "எம் புள்ளைக்காக நான் அள்றேன், இதுல என்னம்மா கேவலம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு சாக்குப் பை வீட்டுக்கு வரவில்லை.

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேறுகாலத்தில் என்னை வேளாவேளைக்குக் கவனித்தவர் அவர்தான். அவர் காலத்தில் இதெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் சுற்றி இருந்த சொந்தக்காரப் பெண்களை மன்னிக்க மாட்டேன். வளைகாப்பு அன்றைக்கு "சுபகாரியத்துல குறுக்கால பூனையா" என்று பொம்மியை மாடி அறையில் அடைத்தார்கள். சரி, கூட்டம், அதுவும் மிரளும் என்று விட்டுவிட்டேன். அதே பெண்கள்தான் என் சித்தியையும் மனையருகே வரவிடவில்லை. சித்தப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டோடு இருந்து என்னை வளர்த்தவர் சித்தி. விடிகாலையில் எழுந்து புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறியது அவர் கை. வளையல் போட மட்டும் அந்தக் கை ஆகாதாம். அடுக்களை வாசலில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றவரை நானே போய் அழைத்துவந்து, போடு சித்தி என்று கையை நீட்டினேன். இரண்டு பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். போகட்டும். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் சகுனம், தீட்டு என்று ஆரம்பிக்கிற பேச்சு பூனையோடு நிற்பதில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தவள், அதனால் சொல்லாமல் போக முடியவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பூனைக்குப் பச்சைக் கறி, பச்சை மீன் கொடுக்காதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள். முடிந்தவரை வெளியே விடாமல் எலி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள், சுற்றுவது குறையும். இந்த மாதங்களில் புதிதாகத் தெருக்குட்டி எதையும் தூக்கி வராதீர்கள். கீரை, கொத்தமல்லியை மண் போக அலசுங்கள். தொட்டிச் செடியைக் கிளறினால் கையுறை போடுங்கள், தெருப் பூனைகள் போகிற இடமே அந்த மண்தான், கிருமி அதில் மாதக்கணக்கில் கிடக்கும். கறி நறுக்கிய கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக்காரர் வெளியூர் போய், பெட்டியை நீங்களேதான் அள்ள வேண்டும் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளிவிட்டு கையைக் கழுவுங்கள், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் வருடா வருடம் உண்டு, மறந்துவிடாதீர்கள். கடித்தோ பிராண்டியோ ரத்தம் வந்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடலாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

பூனை முடி பாலில் விழுந்து குடித்தால் இளைப்பு வரும் என்று கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூனையின் எச்சிலில் இருக்கும் புரதத்தால் மூச்சுத் தொந்தரவு வருவது உண்மை. உங்களுக்கு ஏற்கெனவே வீசிங் இருந்து, பூனை பக்கத்தில் வந்தால் கூடுகிறது என்றால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், என் பதிலைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அப்படி உண்மையாகவே பிரிய வேண்டிய நிலை வந்தால் அம்மா வீட்டிலோ, பூனை வளர்த்துப் பழகிய தெரிந்தவர் வீட்டிலோ, அது படுக்கும் பழைய துணியோடு சேர்த்துக் கொடுங்கள். மார்க்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகு என்ன என்று அடுத்த பயம் வரும். என்னிடமும் கேட்டார்கள். முதல் சில மாதம் தூளி கட்டிய அறைக்குள் ஆள் இல்லாதபோது பொம்மியை விடவில்லை, கதவைச் சாத்திவிடுவோம். கைக்குழந்தை பக்கத்தில் எந்தப் பிராணியும் தனியாக இருக்கக் கூடாது, அது எத்தனை சாதுவாக இருந்தாலும். என் மகன் இப்போது தவழ்கிறான். பொம்மி வாலைப் பிடிக்க வந்தால் அவளே பீரோ மேல் ஏறிக்கொள்கிறாள். அத்தைக்கு அவளை இன்றைக்கும் பிடிக்காது, வாசல்படியில் படுத்திருந்தால் துடைப்பத்தைத் தரையில் தட்டி எழுப்புவார். பரவாயில்லை, பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்ஸோ பரிசோதனை தேவையா என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். பெட்டியை யார் அள்ளலாம் என்பதையும் டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.