கற்பனையாக ஒரு ரொமான்ஸ் மொழி, அதாவது ஸ்பானியம், பிரெஞ்சு போல லத்தீனிலிருந்து பிறந்த மொழி, உருவாக்குகிறேன். ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வினை வடிவம் மாறும் வினைத்திரிபை நீக்கிவிடலாமா?

நீக்க வேண்டாம். ஸ்பானிய வினை அட்டவணையைப் பார்த்து மிரண்டுபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலகப் பொதுமொழிதான் நோக்கம் என்றால் நீக்கலாம். இத்தாலியக் கணிதவியலாளர் பேயானோ 1903-லேயே லத்தீனின் விகுதிகளைக் கழற்றிவிட்டார். ரொமான்ஸ் மொழிகளை எளிமையாக்கி உருவாக்கிய லிங்குவா பிராங்கா நோவா என்ற மொழியிலும் வினை மாறாது. முன்னால் 'இயா' வந்தால் இறந்தகாலம், 'வா' வந்தால் எதிர்காலம். அந்த மொழிகளை நான் பழிக்கவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பேசித் தேய்ந்த மொழி போல இருக்க வேண்டுமென்றால், ஒலிமாற்ற விதிகளை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அட்டவணை அதிலிருந்து வரட்டும். பிரிதெனிக் என்ற கற்பனை மொழி அப்படிப் பிறந்ததுதான்: வேல்ஸ் மொழியின் ஒலிமாற்றங்களை அதை உருவாக்கிய ஆண்ட்ரூ ஸ்மித் லத்தீன் மேல் ஏற்றினார்.

என் மொழியில் முக்கிய விதி, அழுத்தமில்லாத கடைசி உயிரும் அதற்குப் பின் வருவதும் உதிரும் என்பது. லத்தீனில் பாடுகிறேன் 'காந்தோ', பாடுகிறாய் 'காந்தாஸ்', பாடுகிறான் 'காந்தாத்', பாடுகிறார்கள் 'காந்தாந்த்'. நான்கும் 'காந்த்' ஆகிவிட்டன. பாடுகிறோம் என்ற 'காந்தாமுஸ்' மட்டும், அழுத்தம் நடுவில் விழுவதால், 'காந்தாம்' என்று தப்பித்தது. இதை ஒரு ஆர்வலர் குழுவில் காட்டினேன். யார் பாடுகிறார் என்றே தெரியவில்லை, அட்டவணை உடைந்துவிட்டது என்றார்கள். உடையவே இல்லை! பிரெஞ்சில் இதே வினைக்கு இதேதான் நடந்தது. எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு நான்கும் 'ஷாந்த்' தான். அதனால்தான் அங்கே எழுவாயை விட முடியாது. விகுதிகள் பிழைத்துநின்ற ஸ்பானியத்தில் விடலாம். என் மொழியிலும் எழுவாய் தானாகவே கட்டாயமானது. ஒரே விதியிலிருந்து வாக்கிய அமைப்பே கிளைத்து வந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அப்புறம் எதிர்காலம். லத்தீனில் 'அமாவித்' நேசித்தான், 'அமாபித்' நேசிப்பான். பேச்சில் நடுவிலுள்ள 'வ்', 'ப்' ஒலிகள் இரண்டும் நெருங்கியதும் காலம் குழம்பியது. 'காந்தாரே ஹாபெயோ' (எனக்குப் பாட இருக்கிறது) போன்ற தொடர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அவை ஒட்டித் தேய்ந்துதான் பாடுவேன் என்பதற்கு இத்தாலியனில் 'காந்தெரோ', பிரெஞ்சில் 'ஷாந்தரே'. நீங்களும் 'ஹாபெயோ'வின் மூலமான ஹாபெரே (உடைமை) வினையை முதலில் தேய்த்துப் பாருங்கள், எதிர்கால விகுதி கையில் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு என்பது மதிப்பெண் அள்ளும் பாடம். நான்கும் ஏன் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்று வகுப்பில் கேட்டேன். தேர்வில் வராது, உட்கார் என்றார் ஆசிரியர். மனப்பாடம் செய்து எழுதிய என் நண்பர்கள் பலருக்கு இன்று ஒரு வரி பிரெஞ்சு வராது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.