மக்கரான் ஓட்டுக்கு எந்த நிறம், எவ்வளவு, எப்போது?

கேள்வி: காட்பாடியில் வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுத்து வருகிறேன். ஒரு வளைகாப்புக்கு இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிறங்களில் மக்கரான் (பாதாம் மாவில் சுட்ட இரண்டு ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த இனிப்பு) கேட்டிருக்கிறார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் சிறிய பாட்டில் லிக்விட் கலரைச் சேர்த்துப் பார்த்தேன். ஓடுகள் பரவி, மேலே வெடித்துவிட்டன. இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகவும், நீலம் மங்கிய பச்சையாகவும் மாறிவிட்டது. எந்த வகை கலரை வாங்க வேண்டும்? எவ்வளவு, எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்? கேசரி பவுடர், பீட்ரூட், சங்குப்பூ இவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் ஓடுகளுக்கு நேர்ந்தவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். பரவியதும் வெடித்ததும் நீரால் வந்தவை. நிறம் திரிந்தது அடுப்பின் சூட்டால் வந்தது. கலரை மாற்றினால் முதல் கோளாறு தீரும்; இரண்டாவது தீர, அடுப்பைக் கையாளும் விதத்தையும் மாற்றியாக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, நிறம் மங்குகிறதே என்று மேலும் மேலும் கலரை ஊற்றுவதால் ஓடு முழுவதுமே கெட்டுப்போகிறது என்பதால்தான் இதை முதலிலேயே பிரித்துச் சொல்கிறேன்.

மக்கரான் ஓட்டில் மைதா இல்லை. அதைத் தாங்கி நிறுத்துவது சர்க்கரை சேர்த்து அடித்த வெள்ளைக்கருவின் நுரை மட்டுமே. 100 கிராம் வெள்ளைக்கரு, 130 கிராம் பாதாம் மாவு, 130 கிராம் ஐசிங் சர்க்கரை, 90 கிராம் பொடித்த சர்க்கரை என்பது வீட்டில் பலரும் கையாளும் அளவு. லிக்விட் கலரில் பெரும்பகுதி நீரே என்பதால், கண்ணுக்குப் பிடித்த நிறம் வருவதற்குள் ஒரு தேக்கரண்டியாவது ஊற்றிவிடுவோம். அந்த 5 மில்லி நீர் மாவை இளக்கிவிடுகிறது. தட்டில் பிழிந்த ஓடுகளின் மேல் காய்ந்த தோல் உருவாகாவிட்டால், அடுப்பில் எழும் ஆவி அடிப்புறமாகத் தள்ளி, ஓட்டின் அடி விளிம்பில் வரும் நுரைப் பாதத்தை எழுப்புவதற்குப் பதிலாக மேற்புறத்தை உடைத்துக்கொண்டு வெளியேறும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வேலூர்ப் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அப்போது சிறிதளவு கூடுதல் நீரைக்கூட இந்த மாவு தாங்காது. அந்த மாதங்களில் மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் வரை உலர விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகே அடுப்பில் வையுங்கள்.

எனவே வாங்க வேண்டியது ஜெல் கலர் அல்லது பவுடர் கலர். ஜெல் கலரில் சாயம் செறிவாக இருப்பதால் பல்குத்தும் குச்சியின் நுனியளவே மென்னிறத்துக்குப் போதும். பவுடர் கலரில் நீரே இல்லை என்பதால், அழுத்தமான நிறம் வேண்டும்போது அதுவே சிறந்தது. சாக்லேட்டுக்கு என்று விற்கப்படும் எண்ணெய்க் கலரை மட்டும் தொடவே வேண்டாம். கொழுப்பு பட்டால் வெள்ளைக்கருவின் நுரை அமர்ந்துவிடும். பாட்டிலின் மேல் எழுதியுள்ள பெயரை நம்பாமல், பின்புறப் பட்டியலில் தாவர எண்ணெய் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேசரி பவுடரும் பவுடர் கலர்தான். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் சாயத்தோடு சாப்பாட்டு உப்பு கலந்திருக்கும். அந்தச் சிறிதளவு உப்பு ஓட்டைக் கெடுக்காது. ஆனால் அது தருவது ஆரஞ்சு சாயல் என்பதால் உங்கள் மூன்று நிறங்களில் எதற்கும் அது பொருந்தாது.

வேறு ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோல் பதனிடுதலும், குடியாத்தத்தில் லுங்கி நெசவும் நடக்கும் பகுதி நம்முடையது. சாயப்பொடி இங்கே புதிய பொருள் அன்று. லேபிள் இல்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் எந்த நிறப்பொடியையும், அது எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், யார் சொல்லித் தந்தாலும், உணவில் சேர்க்காதீர்கள். பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்னும் தொழிற்சாலைச் சாயம் கண்டறியப்பட்டதால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையையே தடை செய்தது. உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களாக நம் நாட்டு விதிமுறை நெடுங்காலமாகக் கூறிவருபவை எட்டு: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். லேபிளில் இவற்றின் பெயரோ எண்ணோ, மொத்தச் சாயத்தின் சதவீதமும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். மேலே தூவும் மினுமினுப்புப் பொடிகளில் 'நச்சற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. உண்ணத்தக்கது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

அளவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, சுவைக்கோ கண்ணுக்கோ முன்னால் சட்டத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் விலைக்குக் கொடுப்பவர். பேக்கரிப் பண்டங்களில் செயற்கைச் சாயத்துக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். மேற்சொன்ன அளவில் சுட்டெடுத்த ஓடுகள் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும் என்று கொண்டால், அதில் இருக்கத்தக்க சாயம் 40 மில்லிகிராம்தான். உங்கள் பவுடரின் லேபிளில் மொத்தச் சாயம் 10 சதவீதம் என்று இருந்தால் 0.4 கிராம் பவுடர் வரை போகலாம். 20 சதவீதம் என்றால் 0.2 கிராம். கிராம் கணக்கில் மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வைக்கும் பட்டர் கிரீமுக்கும் நிறம் சேர்த்தால் அதற்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இரத்தச் சிவப்பிலும் கருப்பிலும் மக்கரான் செய்யத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர் ஆகியவை சேர்ந்த உணவுகளில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் அவை பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. வளைகாப்பில் தட்டை முதலில் காலி செய்பவர்கள் குழந்தைகளே என்பதால், மென்னிறமே போதும் என்று உங்கள் வாடிக்கையாளரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சேர்க்கும் கட்டம் கலரின் வகையைப் பொறுத்தது. ஜெல் என்றால், வெள்ளைக்கருவில் சர்க்கரை முழுவதும் சேர்ந்து, நுரை பளபளப்பாகி, கெட்டிப்படத் தொடங்கும் நேரத்தில் சேர்த்து அரை நிமிடம் அடித்தால் போதும். பவுடர் என்றால், பாதாம் மாவு, ஐசிங் சர்க்கரையோடு சேர்த்து இரண்டு முறை சலித்துவிடுங்கள். இல்லையேல் சுட்ட ஓட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மாவைக் கலந்து முடித்த பிறகு, நிறம் போதவில்லை என்று மேலும் சேர்ப்பதைத் தவிருங்கள், ஏனெனில் அந்த நிறத்தைப் பரப்புவதற்காகக் கிளறும் ஒவ்வொரு சுற்றும் நுரையை அமர்த்தி, மாவைத் தேவைக்கு மேல் இளக்கிவிடும். நுரையில் காற்று நிறைந்திருக்கையில் நிறம் வெளிறித் தெரிவதும், மாவோடு கலந்து காற்று குறைகையில் ஆழமாவதும், சூட்டில் மீண்டும் சற்றுக் குறைவதும் இயல்பு. எனவே நுரையைப் பார்த்து அவசரப்படாமல், பிழியும் பதத்தில் உள்ள மாவு நீங்கள் விரும்புவதைவிட ஒரு சாயல் அழுத்தமாக இருந்தால் சரி என்று கொள்ளுங்கள்.

இனி நிறம் திரிந்த சங்கதி. ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் பொரித்த பழுப்பே அழகு. மக்கரானுக்கு அதே பழுப்பு கேடு. வெள்ளைக்கருவில் புரதத்தோடு சிறிதளவு குளுக்கோஸும் இருப்பதாலும், அது இயல்பிலேயே காரத்தன்மை உடையது என்பதாலும், சூடு கூடினால் எளிதில் பழுப்பேறும். அந்த மஞ்சள் கலந்த பழுப்பு நீலத்தோடு சேர்ந்தால் பச்சையாகும், இளஞ்சிவப்போடு சேர்ந்தால் செங்கல்லாகும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஓடிஜியில் (மேலும் கீழும் சூடேற்றும் கம்பிகள் உள்ள சிறிய மின் அடுப்பில்) மேல் கம்பியை அணைத்துவிட்டு, கீழ்க் கம்பியை மட்டும் வைத்து, 140 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குள் சுடுங்கள். அந்த அடுப்புகளின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை ஆதலால், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் அவசியம். மேல் கம்பியைத் தனியாக அணைக்க முடியாத அடுப்பில், மேல் அடுக்கில் காலித் தட்டு ஒன்றை வைத்தால் ஓட்டின் மேல் நேரடிச் சூடு விழாது. 100 கிராம் வெள்ளைக்கருவுக்கு ஒரு சிட்டிகை க்ரீம் ஆஃப் டார்ட்டார் என்னும் புளிப்புப் பொடியைச் சேர்த்தால், நுரை உறுதிப்படுவதோடு காரத்தன்மையும் குறைந்து பழுப்பேறுவது தணியும். தோல் நீக்கிய பாதாமின் மாவையே வாங்குங்கள். தோலோடு அரைத்தது எந்த மென்னிறத்தையும் அழுக்காக்கிக் காட்டும்.

சாயத்தின் தேர்விலும் சிறிது கவனம் வேண்டும். இளஞ்சிவப்புக்கு, நீலச் சாயல் கொண்ட கார்மோய்சின் அடிப்படையிலான கலர் நன்றாக நிற்கும். சன்செட் யெல்லோ கலந்த சிவப்பு, சூட்டில் மேலும் செங்கல் பக்கமே சாயும். நீலத்துக்கு பிரில்லியண்ட் புளூ உறுதியானது, இண்டிகோ கார்மைன் எளிதில் மங்கும். நீலத்தோடு குச்சி நுனியளவு ஊதாவைச் சேர்த்தால் பாதாமின் மஞ்சள் சாயல் அடங்கிவிடும்.

இயற்கை நிறங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மஞ்சளுக்கு மஞ்சள்தூளே போதுமானது. சூட்டைத் தாங்கும், கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் மணம் காட்டும். வெள்ளைக்கருவின் காரத்தில் அது சற்றே ஆரஞ்சு பக்கம் சாய்ந்தாலும், க்ரீம் ஆஃப் டார்ட்டார் அதைச் சரிசெய்துவிடும். பீட்ரூட் பொடியை ஓட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை; அதன் சிவப்பு சூட்டில் சிதைந்து பழுப்பாகும், பொடியும் ஈரத்தை இழுக்கும். அதைச் சூடு படாத பட்டர் கிரீமில் சேர்த்தால் அழகாக இருக்கும். சங்குப்பூவின் நீலம் புளிப்பில் ஊதாவாகவும் காரத்தில் பச்சை கலந்ததாகவும் மாறக்கூடியது என்பதால், அதிலிருந்து தெளிவான வான்நீலத்தை எதிர்பார்க்க முடியாது. வாடிக்கையாளர் ஊதாவுக்கு ஒப்புக்கொண்டால், நிழலில் மொறுமொறுவென உலர்த்திய பூவை அரைத்துச் சலித்து, ஒரு தேக்கரண்டி வரை, அதே எடைக்கு ஐசிங் சர்க்கரையைக் குறைத்துச் சேர்க்கலாம். இவற்றின் சாறையோ கஷாயத்தையோ ஊற்றினால் மீண்டும் லிக்விட் கலரின் கோளாறே வரும்.

மூன்று நிறங்களையும் ஒரே மாவில் பிரித்துச் செய்ய முயலாதீர்கள். முதல் நிறத்தைப் பிழிந்து முடிப்பதற்குள் மூன்றாவது பாகத்தின் நுரை தளர்ந்துவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் பாதியளவு மாவைத் தனித்தனியாகத் தயாரித்து, முதலில் மூன்று ஓடுகளை மட்டும் சுட்டு, குழல்விளக்கில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்த பிறகு மீதியைச் சுடுங்கள். கிரீம் வைத்து மூடிய மக்கரான்களைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் ஓடு இளகிப் பதமாகும். எடுத்தவுடன் மூடியைத் திறந்தால், நம் ஊர் வெக்கையில் குளிர்ந்த ஓட்டின் மேல் வியர்த்து நிறம் திட்டுத்திட்டாகப் படர்ந்துவிடும். டப்பா மூடியபடியே அறைச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் விட்டு, பிறகு தட்டில் அடுக்குங்கள்.