ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும்

கேள்வி: காண்டாமிருகத்தின் கொம்பும் மாட்டுக் கொம்பும் ஒரே மாதிரியானவையா? ஒற்றைக் கொம்புள்ளவை இந்தியாவில் மட்டும்தான் வாழ்கின்றனவா? (வாசகர், திருவாரூர்)

பதில்: இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே விடை. மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு உண்டு. காண்டாமிருகத்தின் கொம்போ, நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் ஆகி, மூக்கெலும்பின் சொரசொரப்பான மேட்டின் மீது தோலிலிருந்து வளர்வது. இதை மருந்தென்று நம்பிப் பெரும்பணம் கொடுப்பவர்கள் தங்கள் நகத்தையே கடித்துக்கொள்ளலாம்.

இன்று வாழும் ஐந்து இனங்களில் இந்திய இனத்துக்கும் ஜாவா இனத்துக்கும் மட்டுமே ஒற்றைக் கொம்பு. ஜாவா காண்டாமிருகம் இந்தோனேசியாவின் உஜுங் குலோன் தேசியப் பூங்கா ஒன்றில் மட்டுமே எஞ்சியுள்ளது. வியட்நாமில் இருந்த கடைசி விலங்கு 2010இல் கொல்லப்பட்டது. உடலில் முடி அடர்ந்த சுமத்ரா இனமே உருவில் மிகச் சிறியது. அதற்கும் ஆப்பிரிக்காவின் இரு இனங்களுக்கும் இரண்டு கொம்புகள். ஆப்பிரிக்க இனங்களை ‘வெள்ளை’, ‘கறுப்பு’ என்று அழைத்தாலும் இரண்டும் சாம்பல் நிறம்தான். வாயைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். வெள்ளை இனத்தின் அகன்ற, தட்டையான உதடு தரைப்புல்லை மேய ஏற்றது. கறுப்பு இனமோ கூர்மையான மேலுதட்டை விரல்போல் வளைத்துக் கிளையைப் பற்றி இலைகளை உருவித் தின்னும்.

இந்திய இனம் ஒருகாலத்தில் சிந்து சமவெளி முத்திரைகளில் செதுக்கப்படும் அளவுக்கு மேற்கே பரவியிருந்தது. இப்போது நேபாளத்தின் சித்வன், மேற்கு வங்கத்தின் ஜல்தாபாரா போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், பெரும்பகுதி அசாமின் காசிரங்காவில்தான் வாழ்கிறது. 2022 கணக்கெடுப்பில் அங்கு மட்டும் 2,613 இருந்தன. பிரம்மபுத்திராவின் வெள்ளம் வளர்க்கும் ஆளுயரப் புல்லும், உடம்பை ஊறவைக்கச் சேற்றுக் குட்டைகளும் அங்கே ஏராளம்.