மூச்சை இழுத்தால் துடிப்பு ஏறுகிறது, பயப்பட வேண்டுமா?

"வயது 66, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூச்சுப் பயிற்சியின்போது விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால், துடிப்பு இழுக்கும்போது 76, விடும்போது 70 என்று காட்டுகிறது. இதயத்தில் கோளாறா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

மூச்சோடு சேர்ந்து இப்படி ஏறி இறங்குவது நல்லதுதான்மா. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒரு பிரேக் மாதிரி. மூச்சை இழுக்கும்போது அது கொஞ்சம் தளரும், துடிப்பு கூடும். விடும்போது மறுபடி பிடிக்கும், துடிப்பு குறையும். வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிக்கொண்டே போகும், அதனால் 66-இல் இவ்வளவு தெரிகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வரும்போது, கழுத்து ரத்தக்குழாயில் பிரஷரை உணரும் நரம்பு முனைகளும் இந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்கின்றன, துடிப்பைச் சீராக்கும் வேலை இன்னும் நன்றாக நடக்கிறது. ஜெபமாலையும் மந்திரமும் சொல்லும்போது மூச்சு தானாகவே இந்த அளவுக்கு வருவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நம் பாட்டிமார் தினமும் செய்ததுதானே!

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள், 5 நிமிடம் போதும். திணறினால் 3-க்கு 4 என்று தொடங்கலாம். ஆழமாக இழுக்கவே வேண்டாம். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். உங்களுக்கு பிரஷர் இருப்பதால் மூச்சை அடக்குவது, வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா மூன்றும் வேண்டாம், யோகா வகுப்பில் எல்லோரும் செய்தாலும் சரி. அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை என்றால் துடிப்பு எப்படியும் குறைவாகத்தான் இருக்கும்.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். துடிப்பு மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் தாறுமாறாக ஓடினால் தள்ளிப்போடாமல் இசிஜி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடிய கோளாறாகவும் இருக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும்: திடீர் மூச்சு வாங்கல், தாடையிலோ முதுகிலோ வலி, குப்பென்று வியர்வை. அப்போது மூச்சுப் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.