முறுக்கிய கயிறு போல ஒரு அலை

கேள்வி: ஹைப்பர்சானிக், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் காற்றை ஓடவிடும் சோதனைச் சுரங்கத்தில் கூம்பு ஒன்றை வைத்து, அதன் மேல் ஓடும் காற்று எங்கே நிலைகுலைகிறது என்று படம் எடுக்கிறார்களாமே? காற்றுதான் கண்ணுக்குத் தெரியாதே!

பதில்: காற்று தெரியாதுதான், அதன் அடர்த்தி மாறினால் தெரியும். உச்சி வெயிலில் தார் ரோட்டில் எதிரே வரும் பஸ் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றும் ஆறிய காற்றும் ஒளியை வேறு வேறு அளவுக்கு வளைப்பதால் வரும் நெளிவு அது. 1864-ல் ஆகஸ்ட் டோப்லர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதையே ஒரு முறையாக்கினார், ஷ்லீரன் என்று பெயர். ஒளிக்கற்றையைச் சுரங்கத்தின் கண்ணாடி ஜன்னல் வழியே அனுப்பி, மறுபக்கம் அது குவியும் இடத்தில் ஒரு பிளேடின் விளிம்பைப் பாதி மறைக்கிற மாதிரி வைத்துவிட்டால், துளி வளைந்த ஒளியும் ஒன்று பிளேடில் முட்டி நிற்கும், இல்லை அதைத் தாண்டிப் போய்விடும். அந்த இருட்டும் வெளிச்சமும்தான் படம்.

சரி, வேகத்துக்கு என்ன செய்வது? கூம்பை ஒட்டிய காற்றுப் படலம் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதில் எழும் அலையின் நீளம் ஏறக்குறைய அதுபோல இரண்டு மடங்கு, அதாவது 4 மில்லிமீட்டர். அது நொடிக்கு 2,000 மீட்டர் ஓடினால் நொடிக்கு 5 லட்சம் அதிர்வு! 1 மைக்ரோ நொடி ஷட்டர் திறந்திருந்தாலே அலை பாதி நீளம் நகர்ந்து படம் மங்கிவிடும். அதனால் சில பத்து நானோ நொடிகளே மின்னும் லேசர் வேண்டும். என்னைக் கேட்டால் கேமராவைவிட இந்த விளக்குக்குத்தான் அதிக மார்க். அப்புறம், நொடிக்கு லட்சம் படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவே ஐந்து அலைகள் கடந்துவிடுமே, எது எந்த அலை என்று எப்படிச் சொல்வது? ஒரு படத்தின் கடைசியில் ஒரு மின்னல், அடுத்த படத்தின் தொடக்கத்தில் இன்னொன்று என்று லேசரை ஜோடியாக மின்னவிட்டு அதையும் சமாளிக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவே துளி நேரமே என்பதால் அலை கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். முறுக்கிய கயிறு போல அலை அப்படியே தெரிகிறது, பார்க்க அவ்வளவு அழகு.

இந்த அலை வளர்ந்து உடைந்தால் சீரான ஓட்டம் கொந்தளிப்பாகி, மேற்பரப்பில் ஏறும் வெப்பம் பல மடங்காகும். இந்த வேகத்தில் பறக்கும் கலத்துக்கு வெப்பக் கவசத்தை எவ்வளவு தடிமனாகப் போடுவது என்பதே இதைப் பொறுத்தது.

கேள்வி: சுரங்கத்தில் கண்டது வானத்திலும் அப்படியே நடக்குமா?

பதில்: நடக்காது. சுரங்கச் சுவரை ஒட்டி ஓடும் காற்றே கொந்தளித்து இரைச்சல் போடும், அந்த இரைச்சல் கூம்பின் மேல் அலையை முன்கூட்டியே கிளப்பிவிடும். அதற்காகவே அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாக் 6, அதாவது ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடும் 'அமைதியான' சுரங்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் உட்சுவரைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருக்கிறார்கள், ஒரு தூசி ஒட்டினாலும் அமைதி கெட்டுவிடும்.